பதிமூன்றாவது சைகை

ஜூலை 13, ஞாயிறு

நேயாவுக்கு இன்றோடு பத்து மாதம், நான்கு நாள். ‘ங்கா’, ‘த்தா’ என்று சத்தம் போடுகிறாள். அவற்றைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது. குழந்தைக்கு நாக்கு படிவதற்கு முன்பே கை படிந்துவிடுமாம். பேச்சு வரும்வரை காத்திருக்காமல் சைகை கற்றுக்கொடுக்கலாம் என்று சொல்லும் ஓர் இணையப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். அமெரிக்கக்காரர்கள் நடத்துவது. மொத்தம் பன்னிரண்டு சைகைகள்: பால், தண்ணீர், இன்னும், போதும், வலி, தூக்கம், அம்மா, அப்பா என்று போகிறது. படங்களைப் பெரிய தாளில் அச்சடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன்.

நான் துவாக்குடியில் ஒரு சோதனைக்கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். பிரஷர் கேஜ் தப்பாகக் காட்டினால் எவ்வளவு தப்பு என்று எழுதி, சீட்டு ஒட்டி அனுப்புவது வேலை. எழுதிவைக்காத எதையும் நடந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் இந்த நோட்டு. இடது பக்கம் எண்ணிக்கை, வலது பக்கம் மற்றது.

“வீட்டுல இருக்கறது குழந்தையா, கேஜா?” என்றாள் சுபா.

இன்னொரு விஷயம். இதுவரை நேயாவைப் பார்த்துக்கொண்ட என் மாமியார், இளைய மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போகிறார். சுபாவுக்கு வங்கியில் இனி ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு மாதம் முடியாமல் எடுக்க மாட்டார்கள். நடுவில் ஒரு மாதம் ஆள் வேண்டும். இல்லையென்றால் சுபாவின் வேலை போய்விடும். அம்மாவுக்கு முழங்கால் வலி, புதுக்கோட்டையை விட்டு வர முடியாது. அதனால் வசு அக்கா வருகிறாள்.

வசுமதி அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். பிறவியிலிருந்தே காது கேட்காது. தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆல்பமும் இல்லை. ஒரு மாதம் இருந்துவிட்டு ஆவணிக்குத் திரும்பிவிடுவாள்.

அவளிடம் கேட்டது சுபாதான். நான் கேட்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

‘பால்’ காட்டியது: நாற்பது முறை. பதில்: 0. என் கையைப் பிடித்துக் கடித்தது: 3.

ஜூலை 17, வியாழன்

அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பலாப்பழப் பொட்டலம். நேயா புது ஆள் என்றால் அழுவாள். அக்காவிடம் அழவில்லை. அக்கா குனிந்து, “வா, அத்தைகிட்ட வா” என்றாள். அவள் குரல் எப்போதும் போலத்தான்: மேலே கிளம்பி, மூக்கு வழியாக வந்து, திடீரென்று நின்றுவிடும். வீட்டு ஆட்களுக்குப் புரியும், பஸ் கண்டக்டருக்குப் புரியாது. நேயா அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, அக்காவின் வாய்க்குள் விரலை விட்டாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளை இப்போதுதான் ஒலிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அலுவலகம் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்:

‘நேயாவுக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற சைகைகள் மட்டும் காட்டு. உன் சைகைகள் வேறு, ரெண்டும் கலந்தால் குழம்பிவிடுவாள். அவளிடம் வாய்விட்டுப் பேசவும் வேண்டாம். உச்சரிப்பைத் தப்பாகப் பிடித்துவிடுவாள். டிவியில் பாட்டு போட்டுவிடு, போதும்.’

‘சரி’ என்று பதில் வந்தது.

காலையில் நேரிலேயே சொல்லியிருக்கலாம். சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் சுபா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டாள். “குரலும் வேணாம், கையும் வேணாம். அப்ப அண்ணி பிள்ளைகிட்ட எதால பேசுவாங்க? காலாலயா?”

“ஒரு மாசம்தானே.”

“உங்களுக்கு ஒரு மாசம் யாராவது இப்படிச் சொன்னா தெரியும்.”

பால்: 0. அப்பா: 0.

ஜூலை 20, ஞாயிறு

பயிற்சியின் இரண்டாம் கட்டம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சைகையைக் காட்ட வேண்டும். பிள்ளை திருப்பிச் செய்தால்தான் கொடுக்க வேண்டும். பத்து விநாடி காத்திருந்தால் போதும் என்று போட்டிருந்தது. பத்து விநாடியில் என்ன தெரியும்? நான் நீட்டிப் பார்த்தேன்.

வாழைப்பழம். நேயா உயர நாற்காலியில். ‘இன்னும்’ காட்டினேன். பழத்தைப் பார்த்தாள். மறுபடி காட்டினேன். கையை நீட்டினாள், அது கணக்கில்லை. ஒன்றரை நிமிடத்தில் முகம் கோணியது. மூன்றாவது நிமிடத்தில் அழுகை. நான்காவது நிமிடம் முடிவதற்குள் அக்கா வந்து என் கையிலிருந்து பழத்தை வாங்கி, பிட்டு, அவள் வாயில் வைத்தாள்.

“நடுவுல புகுந்தா எப்படிக்கா கத்துப்பா?”

அக்கா என் உதட்டைப் பார்த்துவிட்டு, “பசிக்குது அவளுக்கு” என்றாள். பிறகு, “அம்மா மாதிரியே நிக்கிற” என்றாள்.

என்ன சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன், பிறகு அதை யோசிக்க வேண்டியதில்லை.

அக்கா படித்த காது கேளாதோர் பள்ளியில் கையை அசைக்கக் கூடாது. சைகை பழகினால் பேச்சு வராது என்பது அவர்கள் கட்சி. வீட்டிலும் அப்படியே நடத்தச் சொன்னார்கள். அம்மா தண்ணீர்த் தம்ளரை உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அக்கா ‘தண்ணி’ என்று வாயால் சொல்ல வேண்டும், சொன்னால்தான் தம்ளர் இறங்கும். ‘ப’ வருவதற்கு உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிப்பாள். காகிதம் ஆடினால் ‘ப’, ஆடாவிட்டால் திரும்ப. கை தானாக எழும்பிவிடும் என்று பாடம் நடக்கும் இரண்டு மணி நேரமும் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. அக்கா கையால் பேசுவதைப் பார்த்தால் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். சனிக்கிழமை அம்மா எண்ணுவாள். பத்துக் கோடு இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா நூரு வீட்டுக்குப் போக முடியாது. நூர்ஜஹான் அவள் வகுப்புத் தோழி, இரண்டு தெரு தள்ளி வீடு. அவளுக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. சொன்னதைச் செய்தேன். பார்த்ததை மட்டும்தான் எழுதினேன்.

ஜூலை 22, செவ்வாய்

புதிதாக ஒன்று. வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் நேயா என்னைப் பார்த்து, இடது உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரலைக் கோணல்மாணலாக ஓட்டினாள். பன்னிரண்டில் இது இல்லை. ‘இன்னும்’ என்பதை அரைகுறையாகச் செய்கிறாளோ? பிஸ்கட் கொடுத்தேன், வாங்கி எறிந்தாள். பால் காட்டினேன், திரும்பிக்கொண்டாள்.

அட்டவணையில் பதிமூன்றாவது வரிசை சேர்த்தேன். பொருள்: தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

நேயா பால் கேட்டாள்! சுபா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், கட்டைவிரலை உதட்டில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கிறாள். படத்தில் இருப்பது கையை மூடித் திறப்பது. இது அக்காவின் சைகை.

பால் (சரி): 0. பால் (பிழை): 4.

“கேட்டுட்டா இல்ல? அப்புறம் என்ன பிழை?” என்று சுபா நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிழை பிழைதான். கேஜ் எண்பதைக் காட்ட வேண்டிய இடத்தில் எழுபது காட்டினால், ஏதோ காட்டியது என்று யாரும் பாராட்டுவதில்லை.

ஜூலை 26, சனி

நாளை எழுதினால் மாற்றி எழுதிவிடுவேன், அதனால் இன்றே எழுதுகிறேன்.

மத்தியானம் நேயா மறுபடி அக்காவின் மாதிரியிலேயே பால் கேட்டாள். நான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கி, “இது இல்ல. இப்படி” என்று விரல்களை மூடித் திறந்துவிட்டேன். கையை உருவிக்கொண்டு மறுபடி கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். மறுபடி பிடித்துக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன். சத்தம் போட்டாள். விடவில்லை. ஒரு நிமிடம் இருக்கும்.

நிமிர்ந்தபோது அக்கா எதிர் சோபாவில் இருந்தாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். தெரிந்து செய்தாள் என்று தோன்றவில்லை. குழந்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். நேயாவின் மணிக்கட்டில் என் விரல் பதிந்த சிவப்பு கொஞ்ச நேரம் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா ஃபோன் செய்தாள்.

“ஏன்டா, புள்ளைக்குக் கை சாடை பழக்குறியாமே? சுபா சொன்னா. வேணாம்டா. அப்புறம் வாயத் தொறக்காது.”

“அதெல்லாம் பழைய கதைம்மா. ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லியிருக்காங்க. சயின்ஸ்.”

“அன்னிக்கும் சயின்ஸுன்னுதான்டா சொன்னாங்க.”

அங்கே குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

“வசு பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா.”

“நான் கேட்டேன்னு சொல்லு.”

சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு நேயாவுக்குச் சட்டை மாட்டினாள். ஒரு கையை மாட்டிவிட்டு இன்னொரு கையைத் தேடினாள். பிள்ளை சட்டைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டியது. இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். சத்தம் வராமல் சிரிப்பது நான் போட்ட விதி.

ஜூலை 29, செவ்வாய்

20ஆம் தேதிப் பதிவில் ஒரு திருத்தம்.

‘பார்த்ததை மட்டும்தான் எழுதினேன்’ என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. முதல் சில வாரங்கள் பார்த்ததை எழுதினேன். வாரத்துக்கு நான்கு, ஐந்து தேறும். பத்து வராது. பத்து வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அக்கா நூரு வீட்டுக்குப் போவாள். இடையில் பெரிய ரோடு ஒன்று இருக்கிறது, லாரி ஹாரன் அவளுக்குக் கேட்காது. அதனால் நான் துணைக்குப் போக வேண்டும், அழைத்துவர மறுபடி போக வேண்டும் என்பதால் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் இருவரும் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எங்கள் தெரு டீமுக்கு மேட்ச்.

மிச்சக் கோடுகளை நானே போட்டேன்.

ஜூலை 31, வியாழன்

சாயங்காலம் அக்கா தன் கணவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பாஸ்கர் மச்சானுக்கும் காது கேட்காது, அச்சகத்தில் வேலை. நேயா அவள் மடியில். அக்காவின் கை போகும் இடமெல்லாம் பிள்ளையின் கண்ணும் போனது, திரையில் மச்சானின் கைக்குத் தாவியது, திரும்பியது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. முப்பது வயதில் என் வீட்டுக் கூடத்தில் பத்து மாதக் குழந்தைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று கவனித்தேன். மச்சான் உள்ளங்கையில் விரலை ஓட்டினார். அக்காவும் ஓட்டினாள். பதிமூன்றாவது. நான்கு முறை வந்தது. நான் எட்டிப் பார்த்ததும் அக்கா ஃபோனைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அப்பா: 0. பதிமூன்று: 9.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சர்க்கார்பாளையம் பக்கம் ஒரு படித்துறைக்குப் போனோம். காவிரியில் நல்ல தண்ணீர். சுபா காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு கீழே இறங்கினாள். நானும் அக்காவும் நேயாவோடு மேல்படியில், எலுமிச்சைச் சோற்று டப்பாவுக்குக் காவல்.

நேயா என்னைப் பார்த்து விரலை உள்ளங்கையில் ஓட்டினாள். அக்காவின் தோளைத் தொட்டேன்.

“இது என்னக்கா? பத்து நாளைக்கு மேல செய்யறா.”

“தெரியாதா?”

“அட்டவணையில இல்ல.”

“அது நீ.”

புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். “உன் பேரு. நானும் நூருவும் வச்சது. எந்நேரமும் நோட்டுல எழுதிட்டே இருப்பியே.” உள்ளங்கையில் விரலை ஓட்டிக் காட்டினாள். அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. மூக்கு நீளமாக இருப்பவனை மூக்கன் என்பது போலச் சொன்னாள்.

“மச்சானும் இப்படித்தான் சொல்றாரா?”

“தஞ்சாவூர்ல எங்க ஆளுங்க எல்லாரும். ‘தம்பி எப்படி இருக்கான், புள்ள எப்படி இருக்கு’ன்னு கேட்பாங்க இல்ல.”

அத்தனை பேருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. எழுதுகிறவனாக.

“வேற பேரு வச்சுக்கலாமா?”

“நீயா வச்சுக்க முடியாது. அடுத்தவங்க வைக்கணும்.”

கீழே குலவைச் சத்தம். நான் காலடியில் இருந்த பாசியைப் பார்த்துக்கொண்டு, “அந்த நோட்டுல இருந்ததெல்லாம் நிஜம் இல்லக்கா” என்றேன். அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“என்னைப் பார்த்துச் சொல்லு.”

காது கேட்காதவளிடம் இதை முணுமுணுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னேன். கோடுகள் நான் போட்டவை. நீ கையைத் தூக்கவில்லை. மேட்சுக்காக. பாதியில் நிறுத்தி, “மேட்ச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேயா டப்பா மூடியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் தூக்கலைன்னு எனக்குத் தெரியும்” என்றாள் அக்கா. “ராத்திரி படுக்கும்போது எண்ணிப் பார்ப்பேன். ஒண்ணுகூட இருக்காது. ஆனா சனிக்கிழமை பார்த்தா பத்து.” கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “மனசுக்குள்ள பண்றதும் உனக்குத் தெரியுதுன்னு நினைச்சேன். காது கேக்கறவங்களுக்கு அதெல்லாம் தெரியும்போலன்னு.”

உருண்ட மூடியை எடுத்து நேயாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அதனால மனசுக்குள்ளயும் நிறுத்தினேன். நாலு மாசம் ஆச்சு. அப்ப எனக்கு வேற எதுலயும் நினைக்கத் தெரியாது, தினா.”

அவள் குரல் உயர்ந்திருந்தது போல. அதன் அளவு அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் படியில் சோறு பிசைந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் அவளை அடக்குவேன். கையைத் தாழ்த்திக் காட்டுவேன், மெதுவாகப் பேசு என்று. என் கை எழும்பப் பார்த்தது. இறக்கிக்கொண்டேன்.

“நூரு வீடு காலி பண்ணின வாரமும் பத்து” என்றாள். “அதுவும் நீ போட்டதா? அவங்க போறது உனக்குத் தெரியுமா?”

“ஞாபகம் இல்லக்கா.”

நான் சொல்லி முடித்த பிறகும் அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபா ஈரக் காலோடு மேலே வந்து, எங்கள் மூன்று பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு நாளாக அக்கா என் பக்கம் பார்ப்பதில்லை. சமைக்கிறாள், நேயாவைக் குளிப்பாட்டுகிறாள், சுபாவோடு ஃபோனில் எழுதிப் பேசுகிறாள். நான் வாயைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பார்க்காவிட்டால் நான் பேசியது பேச்சே இல்லை.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” என்று சுபா கேட்டாள். “அண்ணி கிளம்பறேன்னு சொன்னா என் வேலை என்னாகும்னு தெரியும்ல?”

“கிளம்ப மாட்டா.”

“அது உங்களுக்காக இல்ல. பிள்ளைக்காக.”

ஞாபகம் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். இங்கே சொல்ல வேண்டியதில்லை. நூருவின் அண்ணன் அன்வர் என் பள்ளிக்கூடம்தான். புதன்கிழமையே சொன்னான், ஞாயிறு சாயங்காலம் லாரி வருகிறது, நாகப்பட்டினம் போகிறோம் என்று. அப்போது நோட்டில் எட்டுக் கோடு இருந்தது. எட்டும் நான் போட்டவை. சனிக்கிழமை மத்தியானம் இன்னும் இரண்டு போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஃப்ரிட்ஜிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்தது, ‘போதும்’ படம் பாதி கதவிலேயே நின்றுவிட்டது.

அக்காவுக்கு எழுதினேன்: ‘17ஆம் தேதி அனுப்பிய செய்தி தப்பு. பிள்ளையிடம் பேசு. வாயாலும் பேசு, கையாலும் பேசு. என்னிடம் பேச வேண்டும் என்று கேட்கவில்லை.’

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே கேட்டது. மூக்கு வழியாக, மேலே போய் நின்றுவிடும் குரலில், அக்கா நேயாவுக்குக் காக்கா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன சத்தம் என்றார்.

“எங்க அக்கா பேசறாங்க” என்றேன். இந்த வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேயாவை வண்டியில் வைத்துக் காப்பகத்தைக் காட்டினேன். விண்ணப்பத்தில் ‘குழந்தை பேசுமா?’ என்று ஒரு கட்டம். ‘ஆம்’ என்று எழுதினேன். காப்பகத்து அம்மாள் நேயாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது சைகைகள் இருக்கின்றன, அத்தனையும் அவள் அத்தை கொடுத்தவை என்று விளக்க வேண்டியிருந்தது. ஒரு தாளில் படம் போட்டுக் கொடுங்கள் என்றார். எனக்கு ஏழுதான் தெரியும். அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

சுபா மூலமாகக் கேட்டேன். பத்தொன்பதையும் வரைந்து கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் பொருள். உள்ளங்கையில் விரல் ஓடும் படத்துக்குக் கீழே ‘அப்பா’ என்று எழுதியிருந்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி கடைசி. அக்காவை மத்தியப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள், முதுகுக்குப் பின்னால் பேச்சு கிடையாது. தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே பிளாட்பாரத்தில் நின்றேன்.

கண்டக்டர்கள் ஊர்ப்பெயர் கத்த, ஒலிபெருக்கி இரைய, பக்கத்து பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. அந்த இரைச்சலில் வழியனுப்ப வந்த எல்லோரும் காதில் கையை வைத்து “என்ன? என்ன?” என்றார்கள். எங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஜன்னல் கம்பியைத் தட்டினேன். பார்த்தாள். பதிமூன்று நாளுக்குப் பிறகு.

சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். ‘அந்த வாரமும் நான்தான். அவங்க போறது எனக்குத் தெரியும். அன்வர் சொன்னான். ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்.’

திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. முதல் தடவையே பிடித்துவிட்டாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து பஸ்ஸை உறுமவிட்டார். அக்கா மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். அப்புறம் கேட்டாள், சத்தமாக, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பும்படி:

“எத்தனை ரன் அடிச்ச?”

இரண்டு விரலைக் காட்டினேன். கையை மூடி, மறுபடி இரண்டு விரலைக் காட்டினேன். இருபத்திரண்டு. அவுட் ஆகவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறவள் போல. பஸ் பின்வாங்கித் திரும்பியது. அவள் கையாட்டவில்லை. நானும் ஆட்டவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காப்பகத்தில் முதல் நாளான நேற்று ஒரே அழுகையாம். இன்று பரவாயில்லை. கட்டைவிரலை உதட்டில் வைத்துப் பால் கேட்டாளாம், அந்த அம்மாள் தாளைப் பார்த்துக் கொடுத்தாராம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு. சுபாவின் ஃபோனுக்கு. நேயாவுக்காக. சுபா ஃபோனை டீப்பாயில் சாய்த்து வைத்தாள். நான் கதவோரம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அத்தையைப் பார்த்ததும் நேயாவின் இரண்டு கைகளும் கிளம்பிவிட்டன. நாய், மழை, பால், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக. இடது பக்கத்தில் எழுத நோட்டை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஏதோ கேட்டாள். கையை விரித்து, எங்கே என்பது போல. பிறகு உள்ளங்கையில் விரலை ஓட்டினாள்.

நேயா திரும்பிக் கூடம் முழுக்கத் தேடினாள். என்னைக் கண்டுபிடித்தாள். தன் குட்டி உள்ளங்கையில் விரலை ஓட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வகுப்பில் பெயர் வாசிக்கும்போது தூக்குவது போல, நான் கையைத் தூக்கினேன்.